வலி வர மருந்து கொடுக்கப் போகிறார்களா? கூட இருப்பவர் கேட்க வேண்டியதும் கவனிக்க வேண்டியதும்

"நாளைக்குக் காலையில வந்து அட்மிட் ஆயிடுங்க, ஜெல் வெச்சுப் பார்க்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டாரா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். கர்ப்பிணியைவிட, கூடப் போகிற கணவரோ அம்மாவோ அக்காவோ யாராவது ஒருவர் இதை முழுதாகப் படித்தால் போதும். வலியில் இருப்பவரால் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வலி வரவைப்பதே தப்பு என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதை உண்மை இல்லை. 2018ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், முதல் பிரசவம், வேறு சிக்கல் எதுவும் இல்லை என்ற நிலையில் இருந்த 6,106 பெண்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். 39வது வாரத்தில் வலி வரவைத்த பிரிவில் சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்த பிரிவில் 22.2 சதவீதம். ஆக, ஒழுங்காகச் செய்தால் அது ஒரு நல்ல சிகிச்சைதான். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், தேவையே இல்லாமல் ஆரம்பிக்கும்போது, அளவைக் கண்டபடி ஏற்றும்போது, எல்லாவற்றையும்விட மோசமாக, மருந்தை ஓடவிட்டுவிட்டுப் பக்கத்தில் யாரும் இல்லாமல் போகும்போது.

குழந்தைக்கு எப்படி அடிபடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி விஷயம் தானாகப் புரியும். கர்ப்பப்பை ஒவ்வொரு தடவை இறுகும்போதும் அதன் தசைக்குள்ளே ஓடுகிற ரத்தக்குழாய்கள் நெருக்கப்படும், நச்சுக்கொடிக்குப் போகிற ரத்தம் அந்தக் கொஞ்ச நேரம் குறையும். தசை தளர்ந்ததும் மறுபடி ரத்தம் பாயும், நீந்துகிறவன் தலையை வெளியே நீட்டி மூச்சு வாங்குகிற மாதிரி குழந்தை அந்த இடைவெளியில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடைவெளிதான் எல்லாம். மருந்து அதிகமாகி வலி மேல் வலி வந்தால் இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும், இதயத்துடிப்பு இறங்கும், அதை யாரும் கவனிக்காமல் நீண்டுபோனால் மூளைக்கு ஆக்சிஜன் குறையும். பிறந்த குழந்தை அழாமல் கிடப்பது, முதல் நாளிலேயே பிட்ஸ் வருவது, பிறகு கை கால் அசைவையே முடக்குகிற பெருமூளை வாதம் என்று போகிற பாதை இப்படித்தான் தொடங்குகிறது. அம்மாவுக்கும் ஆபத்து உண்டு. கர்ப்பப்பை கிழிவது ஒன்று, மணிக்கணக்கில் மருந்து வாங்கிக் களைத்துப்போன கர்ப்பப்பை பிரசவத்துக்குப் பிறகு சுருங்க மறுத்து ரத்தம் கொட்டுவது இன்னொன்று.

எந்த மருந்து

மூன்றுதான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். கர்ப்பவாயை மிருதுவாக்க டைனோபுரோஸ்டோன், நம் ஊரில் "ஜெல் வைக்கிறது" என்றால் பெரும்பாலும் இதுதான். அப்புறம் மிசோபுரோஸ்டால் மாத்திரை. கடைசியாக ட்ரிப்ஸில் ஏற்றுகிற ஆக்ஸிடோசின், இதைத்தான் வலி ஊசி என்கிறோம், பிடோசின், சின்டோசினான் என்று பிராண்டு பெயரிலும் சொல்வார்கள்.

"உடம்புல சுரக்கிறதுதானே, அதனால என்ன ஆயிடப்போகுது" என்று ஆக்ஸிடோசினைப் பற்றிச் சிலர் சொல்வார்கள். பொருள் அதேதான். வின்சென்ட் டூ விக்னோ 1953ல் ஆய்வகத்தில் அதைச் செய்து காட்டினார், 1955ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உடம்பு அதை விட்டுவிட்டுச் சுரக்கும், ட்ரிப்ஸ் நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். மருந்துத் தவறுகளைத் தடுப்பதற்காக இயங்குகிற அமெரிக்காவின் ஐ.எஸ்.எம்.பி. என்ற அமைப்பு 2007ல் ரத்தநாளம் வழியாக ஏற்றும் ஆக்ஸிடோசினைத் தன் அதிஎச்சரிக்கை மருந்துப் பட்டியலில், அதாவது தவறாகக் கொடுத்தால் பெரிய கேடு வரும் மருந்துகளின் பட்டியலில், சேர்த்தது. மருத்துவக் காரணம் இல்லாமல் சும்மா வலி வரவைக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் பிடோசின் லேபிளிலேயே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்த மருந்துக்கு இன்னொரு பிழைப்பும் உண்டு, பால் கறக்க மாட்டுக்குப் போடுவது. அதைத் தடுக்கிறேன் என்று 2018ல் மத்திய அரசு தனியார் தயாரிப்பையே நிறுத்தப் பார்த்தது, அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கைத் தடுக்க இதே மருந்து உயிர்காக்கும் மருந்து என்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. இதை நீங்களும் மறக்க வேண்டாம். குழந்தை வெளியே வந்ததும் தொடையில் போடுகிற 10 யூனிட் ஊசி அவசியமானது, அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். குழந்தை உள்ளே இருக்கும்போது அதே மருந்தைத் தசையில் ஊசியாகப் போட வந்தால்தான் தடுக்க வேண்டும். உடம்புக்குள் போன ஊசியைத் திருப்பி எடுக்க முடியாது, ட்ரிப்ஸ் என்றால் குழாயை மூடினால் சில நிமிடத்திலேயே ரத்தத்தில் அளவு பாதியாகிவிடும்.

மிசோபுரோஸ்டால் வந்த கதை வேறு. 1988ல் அமெரிக்காவில் வயிற்றுப்புண் மருந்தாக அனுமதி வாங்கியது, கர்ப்பப்பையைச் சுருக்கும் என்பது அதன் பக்கவிளைவு. மலிவு, பிரிட்ஜ் தேவையில்லை, நன்றாக வேலை செய்யும். சிக்கல் அளவில்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 25 மைக்ரோகிராம், வாய்வழி என்றால் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, கீழே வைத்தால் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை. சாதாரண மாத்திரையோ 200 மைக்ரோகிராம். அதைப் பிளேடால் எட்டாக வெட்டினால் ஒரு துண்டில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. 25 மைக்ரோகிராம் மாத்திரையே இந்தியாவில் கிடைக்கிறது, இல்லாவிட்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரையை 200 மில்லி தண்ணீரில் கரைத்து 25 மில்லி அளந்து கொடுக்கலாம். முன்பு சிசேரியன் ஆகியிருந்தாலோ கர்ப்பப்பையில் கட்டி அகற்றும் ஆபரேஷன் நடந்திருந்தாலோ கடைசி மாதங்களில் இந்த மாத்திரை கூடவே கூடாது, தையல் போட்ட இடம் விட்டுவிடும். அட்மிஷன் போடும்போது டாக்டர், நர்ஸ், டியூட்டி மாறி வருகிறவர் என்று எல்லாரிடமும் இந்தப் பழைய ஆபரேஷனைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சம்மதிப்பதற்கு முன்

முதல் கேள்வி, "ஏன் இப்போ?" இதற்கு நியாயமான பதில்கள் நிறைய இருக்கின்றன. 41 வாரம் தாண்டிவிட்டது, பி.பி. ஏறுகிறது, சுகர் கட்டுக்குள் இல்லை, பனிக்குடம் உடைந்தும் வலி வரவில்லை, குழந்தை சரியாக வளரவில்லை, அசைவு குறைந்துவிட்டது. இதில் எதையாவது சொன்னால் தயங்காமல் ஒத்துக்கொள்ளுங்கள், அங்கே தாமதிப்பதுதான் ஆபத்து. நட்சத்திரம் நல்லது, டாக்டர் வெளியூர் போகிறார், மாப்பிள்ளைக்கு லீவு முடிகிறது, இவையெல்லாம் காரணமே இல்லை. கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன், பாதி நேரம் டாக்டரை நெருக்குவது நாம்தான். "ராத்திரியிலேர்ந்து கத்திட்டு இருக்கா, ஒரு ஊசி போட்டுச் சீக்கிரம் முடிங்க" என்று லேபர் வார்டு வாசலில் நின்று சத்தம் போடுகிற அத்தையும் மாமாவும் இல்லாத ஆஸ்பத்திரி உண்டா? வந்தது சூட்டு வலியாகவும் இருக்கலாம். நிஜ வலியே ஆனாலும், கர்ப்பவாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை வைத்து மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ல் சொல்லிவிட்டது, 5 சென்டிமீட்டருக்குப் பிறகுதான் வேகமான கட்டம் தொடங்குகிறது என்றும் சொன்னது. தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால் காத்திருக்கலாம்.

தேதியைச் சரிபார்ப்பது முக்கியம். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் காட்டுகிற தேதிதான் நம்பகமானது. எட்டாம் மாத ஸ்கேனில் "டேட் மாறிடுச்சு" என்று வந்தால் அது பெரும்பாலும் குழந்தையின் அளவைத்தான் சொல்கிறது, வயதை அல்ல. முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அப்புறம் கர்ப்பவாய் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பிஷப் ஸ்கோர் என்று ஒரு கணக்கு உண்டு, 6 அல்லது அதற்குக் கீழே என்றால் கர்ப்பவாய் இன்னும் தயாராகவில்லை, முதலில் அதை மிருதுவாக்க வேண்டும், நேராக ட்ரிப்ஸில் இறங்குவது வீண் வேலை. இன்னும் இரண்டு கேள்வி இருக்கிறது, இவைதான் நிஜமான கேள்விகள்: ட்ரிப்ஸ் ஓடும்போது குழந்தையின் துடிப்பை யார் பார்ப்பார்கள், எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை? அவசரம் என்றால் இதே கட்டடத்தில் சிசேரியன் செய்ய முடியுமா, இரவு 2 மணிக்கும் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா? இரண்டாவதற்கு "கூப்பிட்டா வருவாங்க" என்று பதில் வந்தால், நானாக இருந்தால் வேறு ஆஸ்பத்திரி பார்ப்பேன்.

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு அது. வீட்டுக்கு வந்து ஊசி போடுகிறவரைப் பற்றி நாம் அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. நம் கவலை, ஒரு நர்ஸ் ஐந்தாறு கட்டிலுக்கு ஓடுகிற வார்டுதான்.

ட்ரிப்ஸ் ஓடும்போது

பிரசவத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே விடச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் இதற்கு இடம் உண்டு. உள்ளே போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பாட்டில். எந்த மருந்து, எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று அதன் மேல் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், "சிஸ்டர், இது வெறும் குளுக்கோஸா, இல்ல வலி வர்றதுக்கா?" என்று கேளுங்கள். ஜெல்லோ மாத்திரையோ வைத்து எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், இது பலருக்குத் தெரியாத இடம். மிசோபுரோஸ்டாலுக்குப் பிறகு குறைந்தது 4 மணி நேரம், ஜெல் என்றால் 6 முதல் 12 மணி நேரம் விட்டுத்தான் ஆக்ஸிடோசின் தொடங்க வேண்டும். இரண்டு மருந்தும் ஒன்றாக வேலை செய்தால் வலி கட்டுக்கடங்காது.

வேகத்தைப் பொறுத்தவரை பம்ப் இருந்தால் நிம்மதி. இல்லாத இடத்தில் சொட்டுதான். ஒரு கணக்கு சொல்கிறேன். 500 மில்லி பாட்டிலில் 5 யூனிட் கலந்திருந்தால் ஒரு மில்லியில் 10 மில்லி யூனிட் இருக்கும் (ஒரு யூனிட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லி யூனிட்). ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழுகிற செட் என்றால் நிமிடத்துக்கு 4 சொட்டு விட்டால் நிமிடத்துக்கு 2 மில்லி யூனிட். வழக்கமாக 1 அல்லது 2 மில்லி யூனிட்டில் ஆரம்பித்து, அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கலவை மாறும், ஆகவே எத்தனை யூனிட் என்று கேட்காமல் சொட்டை எண்ணிப் பயப்படாதீர்கள். அதே சமயம், இந்தக் கலவையில் எடுத்த எடுப்பிலேயே 20 சொட்டு ஓடினால் அது கேட்க வேண்டிய விஷயம். கையை மடக்கும்போது சொட்டு நின்றுபோவதும், நீட்டியதும் வேகமெடுப்பதும் உண்டு, அடிக்கடி கண் வையுங்கள். ஆனால் குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்கிற அந்த உருளையை நீங்கள் தொடவே தொடாதீர்கள், "மெதுவா போகுது" என்று உறவினரே திருகிவிடுகிற கொடுமையும் நடக்கிறது.

அடுத்தது வலியை எண்ணுவது. வயிற்றின் மேல்பகுதியில் உள்ளங்கையை வைத்தால் இறுகுவது தெரியும். போனில் 10 நிமிடம் டைமர் வைத்து எத்தனை தடவை இறுகுகிறது என்று எண்ணுங்கள். மூன்று, நான்கு என்றால் போதுமான வலி. ஐந்தைத் தாண்டினால் அதிகம். ஒரே வலி 2 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நடுவில் வயிறு தளராமல் கல் மாதிரியே இருந்தாலும் அதிகம்தான். குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110க்கும் 160க்கும் நடுவில் இருக்க வேண்டும். துடிப்பையும் வலியையும் தாளில் பதிகிற சி.டி.ஜி. மெஷின் தொடர்ந்து ஓடினால் நல்லது, இல்லாவிட்டால் 15 நிமிடத்துக்கு ஒரு தடவையாவது, முக்க ஆரம்பித்த பிறகு 5 நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டுக் குறிக்க வேண்டும்.

வலி அதிகம் என்று தோன்றினால் கூச்சப்படாமல் இப்படியே சொல்லுங்கள்: "சிஸ்டர், பத்து நிமிஷத்துல ஆறு வலி வந்திருக்கு, நடுவுல வயிறு தளரவே இல்ல. ட்ரிப்ஸை நிறுத்திட்டுக் குழந்தையோட ஹார்ட்பீட் பாருங்க, டாக்டரைக் கூப்பிடுங்க." எண்ணிக்கையோடு சொன்னால் யாரும் லேசில் ஒதுக்க மாட்டார்கள், "ரொம்ப வலிக்குதாம்" என்றால் "பிரசவம்னா வலிக்காதா" என்று பதில் வரும். அதன்பிறகு நடக்க வேண்டியது, மருந்தை நிறுத்துவது, இடது பக்கமாகப் படுக்க வைப்பது, தேவையென்றால் கர்ப்பப்பையைத் தளர்த்த டெர்பியூட்டலின் ஊசி, துடிப்பு திரும்பாவிட்டால் ஆபரேஷன் தியேட்டர்.

வேறு சில அறிகுறிகளும் இருக்கின்றன. நன்றாக வந்துகொண்டிருந்த வலி சட்டென்று நின்று வயிறு முழுக்க விடாத வலியாக மாறினால், கூடவே ரத்தம் போனால், கர்ப்பப்பை கிழிந்திருக்கலாம், ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது. நீண்ட நேரம் குளுக்கோஸ் தண்ணீரில் இந்த மருந்து ஓடிய பிறகு தலைவலி, வாந்தி, பேச்சுத் தடுமாற்றம் வந்தாலும் சொல்லுங்கள். சிறுநீரைக் குறைக்கிற குணம் ஆக்ஸிடோசினுக்கு உண்டு, உடம்பில் நீர் சேர்ந்து சோடியம் இறங்கிவிடும். பனிக்குட நீர் பச்சையாக வந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, அதையும் உடனே காட்டுங்கள். யாராவது வயிற்றின் மேல் ஏறி அழுத்தித் தள்ள வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை.

குழந்தை அழவில்லை என்றால்

கேள்விகள் சுருக்கமாக இருக்கட்டும். 1 நிமிடத்திலும் 5 நிமிடத்திலும் அப்கார், அதாவது பிறந்த குழந்தையின் நிலைக்குப் பத்துக்குப் போடுகிற மதிப்பெண், எவ்வளவு? தொப்புள்கொடி ரத்தத்தில் பி.எச்., அதாவது அமிலத்தன்மையின் அளவு, பார்த்தீர்களா? அது 7.0க்குக் கீழே இருந்தால் பிரசவ நேரத்தில் கடுமையாக ஆக்சிஜன் குறைந்ததற்கு ஓர் ஆதாரம். குழந்தை துவண்டிருக்கிறதா, பால் உறிஞ்சுகிறதா, பிட்ஸ் வந்ததா? மூளை பாதிப்பு இருக்கிறது என்றால் எந்த ஸ்டேஜ்?

உடம்பைக் குளிர்விக்கிற சிகிச்சை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிறந்து 6 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, 33.5 டிகிரியில் 72 மணி நேரம் வைப்பது. பணக்கார நாடுகளில் பலன் தெரிந்த சிகிச்சை அது. ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளை வைத்து நடந்து 2021ல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில் இறப்பும் ஊனமும் குறையவில்லை, இறப்பு கூடியது. ஆகவே "ஏன் கூலிங் பண்ணல" என்று சண்டை போடுவதற்கு முன் குழந்தை மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள், வேறு நல்ல என்.ஐ.சி.யு.வுக்கு (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) மாற்ற வேண்டுமா என்பதை மட்டும் முதல் மணி நேரத்திலேயே கேட்டுவிடுங்கள். ஐஸ் பை வைப்பது மாதிரி எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள்.

காகிதங்கள்

நடந்தது தவறா, தவிர்க்க முடியாததா என்பதை உங்கள் கோபம் முடிவு செய்யாது, கேஸ் ஷீட்தான் முடிவு செய்யும். பெருமூளை வாதத்தில் பெரும்பகுதிக்குப் பிரசவ நேரம் காரணமே இல்லை, கர்ப்பத்திலேயே நடந்த தொற்று, குறைப்பிரசவம், மரபணு என்று வேறு காரணங்கள் உண்டு. இதை எதிர்த்தரப்பு வக்கீல் கண்டிப்பாகச் சொல்வார். ஆகவே மருந்து ஓடிய நேரம், அளவு ஏற்றிய நேரம், துடிப்பு இறங்கிய நேரம், டாக்டர் வந்த நேரம், இவை நான்கும் வரிசையாகத் தெரிய வேண்டும். எழுத்து மூலமாக முழு ரெக்கார்டும் கேளுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. பிரசவம் எப்படி முன்னேறியது என்று குறிக்கிற பார்ட்டோகிராம், மருந்து சார்ட், நர்ஸ் குறிப்புகள், சி.டி.ஜி. தாள் எல்லாம் வேண்டும். 2002ம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதிப்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், 3 ஆண்டு பாதுகாத்து வைக்கவும் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். சி.டி.ஜி. தாள் சூட்டில் அச்சாகிற காகிதம், பஸ் டிக்கெட் மாதிரி மங்கிப்போகும். கைக்கு வந்த அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

அந்தத் தாள்களை வேறு ஊரில் இருக்கிற ஒரு மகப்பேறு மருத்துவரிடம் காட்டிக் கருத்து வாங்குங்கள். அப்புறம்தான் வக்கீல். பணம் கட்டிய ஆஸ்பத்திரி என்றால் நுகர்வோர் ஆணையம், மருத்துவ சேவையும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. 2019 சட்டத்தில் எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கிற இழப்பீட்டை வைத்து அல்ல, கட்டிய தொகையை வைத்து முடிவு செய்கிறார்கள், அதனால் பெரும்பாலும் மாவட்ட ஆணையமே போதும். கெடு 2 ஆண்டு. எல்லாருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்தில் வராது, அங்கே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோ சிவில் வழக்கோதான். டாக்டரின் நடத்தை பற்றி என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். போலீஸில் கொடுத்தால் உடனே கைது என்று எதிர்பார்க்காதீர்கள், குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, சுயேச்சையான டாக்டரின் கருத்தும் வாங்க வேண்டும் என்று 2005ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், குழந்தையின் மூளை அதுவரை காத்திருக்காது. கழுத்து நிற்கத் தாமதமானாலோ ஒரு கையை மட்டும் இறுக்கி வைத்துக்கொண்டாலோ மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குக் கூட்டிப் போங்கள், அங்கே பிசியோதெரபி இலவசம். சென்னையில் 1985லிருந்து வித்யாசாகர் நிறுவனம் இதே வேலையைச் செய்கிறது. பெருமூளை வாதம் என்று உறுதியானால் மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டைக்கும், 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு தருகிற தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். இரண்டுக்கும் கோர்ட் தீர்ப்பு தேவையில்லை.